கடன் கட்டும் பட்டதாரியும் வருமான வரியும்



மார்ச், ஏப்ரல் மாதங்கள் வந்துவிட்டால், படித்து வேலைக்குப் போன பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு எழுவதுண்டு. "வருமான வரிப் பாரம் நிரப்ப வேண்டுமாம். மாதா மாதம் படிப்புக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறேனே, அதைக் கழித்துக்கொள்வார்களா?" என்று பிள்ளை கேட்கும். பெற்றோருக்குப் பதில் தெரியாது. பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்தவர்களின் சம்பளத்தை அந்த வரி எட்டிப் பார்த்ததே இல்லை. ஆகவே கேள்வி பக்கத்து வீட்டுக்குப் போகும். அங்கிருந்து மெல்ல நடந்து பள்ளிக்கூடத்து ஆசிரியரிடம் வந்து சேரும்.

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டு வருமான வரிச் சட்டத்தில், தன் படிப்புக் கடனைத் தானே திருப்பிக் கட்டும் பட்டதாரிக்கென்று தனிக் கழிவு கிடையாது. 2024 மதிப்பீட்டு ஆண்டுக்கான கழிவுப் பட்டியலில் பெற்றோருக்கான மருத்துவச் செலவு உண்டு. புத்தகம், விளையாட்டுச் சாமான் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. பி.டி.பி.டி.என். தவணைக்கு இடம் இல்லை.

"அப்படியானால் பேச என்ன இருக்கிறது?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். படிப்பையும் வரியையும் இணைத்து நம் நாட்டிலும் சில சலுகைகள் உள்ளன. அவை யாருக்குப் போய்ச் சேருகின்றன, லயத்து வீட்டு வாசலில் ஏன் நின்றுவிடுகின்றன என்பது தெரிந்தால்தான், நமக்கு உரியதைப் பெறவும், இல்லாததைக் கேட்கவும் முடியும்.

கடன் எப்படிப்பட்டது?

தேசிய உயர்கல்வி நிதிக் கழகம், அதாவது நாம் எல்லாரும் பி.டி.பி.டி.என். என்று சொல்வது, 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அந்த ஆண்டு நவம்பரில் அது செயல்படத் தொடங்கியது. உபகாரச் சம்பளம் கிடைக்காத எத்தனையோ தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகப் படியேற அந்தக் கடனே கைகொடுத்தது. அதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

இன்று அந்தக் கடனுக்குச் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. இதில் ஒன்றைக் கவனியுங்கள். இந்த 1 விழுக்காடு, வாங்கிய முழுத் தொகையின் மீது போடப்படுகிறது. 20,000 வெள்ளி கடன் என்றால் ஆண்டுக்கு 200 வெள்ளி. பத்தாண்டில் கட்டி முடிப்பதாக வைத்துக்கொண்டால் கட்டணம் 2,000 வெள்ளி, மொத்தம் 22,000. மாதத்துக்கு ஏறக்குறைய 183 வெள்ளி வரும். வட்டிக் கடைக்காரனிடமும் கடன் அட்டையிலும் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால், இது எவ்வளவு இலேசான கடன் என்று சொல்வார்கள்.

ஆனாலும் பட்டணத்துக்குப் புதிதாக வேலைக்குப் போன பிள்ளைக்கு 183 வெள்ளி சிறிய தொகையன்று. அறை வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவதில்தான் அதைக் கட்ட வேண்டும். தோட்டத்துப் பட்டதாரியின் முதல் சம்பளத்தில் அவனுக்கு மட்டுமா பங்கு? தங்கையின் பள்ளிச் செலவுக்கும், தகப்பனாரின் மருந்துக்கும் அதிலே பங்கு உண்டு.

சலுகையில் மூன்று விதம்

வரிச் சலுகை என்றதும் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கிறோம். அதில் மூன்று விதம் உண்டு. நம் மளிகைக் கடைப் பற்றுப் புத்தகத்தை வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

கடைக்காரர் பற்று எழுதும்போதே, "இந்த இரண்டு சாமானைக் கணக்கில் சேர்க்கவில்லை" என்று விட்டுவிட்டால் அது முதல் விதம். இதைக் கழிவு என்போம். வரி போடுவதற்கு முன் வருமானத்திலேயே ஒரு தொகையைக் குறைத்துக்கொள்வது இது. நிறையச் சாமான் வாங்கியவருக்கு இதனால் நிறைய இலாபம். ஒன்றும் வாங்காதவருக்கு ஒன்றும் இல்லை.

பற்று எழுதி முடித்து, 50 வெள்ளி என்று கூட்டிப் போட்ட பிறகு, "அதில் 30 வெள்ளியைத் தள்ளிவிடுகிறேன்" என்றால் அது இரண்டாம் விதம். இதுதான் தள்ளுபடி. போட்ட வரியிலிருந்தே குறைப்பது. ஆனால் உங்கள் பற்றே 20 வெள்ளிதான் என்றால் அந்த 20 மட்டும் தீரும். மீதி 10 வெள்ளி உங்கள் கைக்கு வராது.

மூன்றாம் விதத்தில், பற்று 20 வெள்ளியைத் தீர்த்துவிட்டு, மீதி 10 வெள்ளியையும் கடைக்காரர் கையில் எடுத்துக் கொடுக்கிறார். இதைத் திரும்பத் தரும் வரவு என்று சொல்லலாம். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத ஏழையையும் எட்டக்கூடியது இந்த மூன்றாம் விதம் ஒன்றுதான்.

இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

8,000 வெள்ளியின் மதிப்பு என்ன?

2025 பிப்ரவரி முதல், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிகள் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதன்படி ஒரு தொழிலாளி ஆண்டுக்குப் பெறுவது 20,400 வெள்ளி. அவருக்குரிய தனிநபர் கழிவு 9,000. ஊழியர் சேமநிதிக்குப் போவது 11 விழுக்காடு, அதாவது 2,244. இரண்டும் போக மிஞ்சுவது 9,156 வெள்ளி. முதல் 5,000 வெள்ளிக்கு வரி கிடையாது. மீதி 4,156 வெள்ளிக்கு 1 விழுக்காடு என்றால் 41 வெள்ளி 56 காசு. வரிக்குரிய வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவருக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு. ஆகவே அவர் கட்ட வேண்டிய வரி சுத்தமாக ஒன்றுமில்லை.

புதிதாக வேலையில் சேர்ந்த பட்டதாரியையும் பார்ப்போம். மாதம் 2,500 வெள்ளி என்றால் ஆண்டுக்கு 30,000. தனிநபர் கழிவும் சேமநிதியும் போக 17,700. வரி 127 வெள்ளி. தள்ளுபடி 400. அவரும் கட்ட வேண்டியதில்லை. வேறு கழிவு எதுவும் இல்லாத தனியாளுக்கே மாதம் ஏறக்குறைய 3,400 வெள்ளி வரை இதே நிலைதான்.

இப்போது படிப்புக்கான சலுகைகளுக்கு வருவோம். பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புத் திட்டத்தைப் பலரும் அறிவீர்கள். பிள்ளையின் பெயரில் பெற்றோர் போடும் பணத்துக்கு வருமான வரிக் கழிவு உண்டு. 2019 மதிப்பீட்டு ஆண்டு முதல் அதன் உச்சவரம்பு ஆண்டுக்கு 8,000 வெள்ளி. அந்த ஆண்டில் போட்டதிலிருந்து எடுத்ததைக் கழித்து, நிகரமாக நிற்கும் தொகைக்குத்தான் கழிவு கிடைக்கும்.

8,000 வெள்ளி என்று கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. அது யாருக்கு எவ்வளவு என்று பாருங்கள். வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி உள்ள ஓர் ஆசிரியரோ கிராணியோ, 11 விழுக்காட்டுப் படியில் இருக்கிறார். அவர் முழுத் தொகையும் போட்டால் மிச்சமாகும் வரி 880 வெள்ளி. 25 விழுக்காட்டுப் படியில் இருக்கும் பெரிய உத்தியோகஸ்தருக்கு மிச்சம் 2,000 வெள்ளி. மாதம் 1,700 வெள்ளி வாங்கும் தொழிலாளி வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அதே கணக்கில் பணம் போட்டால், வரியில் அவருக்கு மிச்சம் ஒரு காசுகூட இல்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது?

18 வயதைக் கடந்து, பட்டயமோ பட்டமோ முழுநேரமாகப் படிக்கும் திருமணமாகாத பிள்ளைக்காகப் பெற்றோருக்கு 8,000 வெள்ளிக் கழிவு இருக்கிறதே, அதன் கதையும் இதுவே. வேலை செய்துகொண்டே மேற்படிப்புப் படிப்பவருக்குக் கட்டணத்தில் 7,000 வெள்ளி வரை கழிவு உண்டு. ஆனால் கடன் வாங்கி முழுநேரமாகப் படிக்கிற பிள்ளைக்குப் படிக்கும்போது வருமானம் இல்லை. வருமானம் வந்து கடன் கட்டும்போது கழிவு இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஸ்.எஸ்.பி.என். கழிவு, தன் பிள்ளைக்காகச் சேமிப்பவருக்கு மட்டுமே உரியது. நம் குடும்பங்களில் தம்பியைப் படிக்க வைப்பது யார்? பெரும்பாலும் அண்ணனோ அக்காளோதான். வரி கட்டும் நிலைக்கு உயர்ந்துவிட்ட அக்காள், தம்பியின் பெயரில் பணம் போட்டால் அவளுக்குக் கழிவு கிடையாது. சட்டம் எழுதியவர்கள் அப்பா சம்பாதித்துப் பிள்ளை படிக்கும் குடும்பத்தை நினைத்து எழுதியிருக்கிறார்கள். அக்காள் சம்பாதித்துத் தம்பி படிக்கும் குடும்பம் அவர்கள் கண்ணில் படவில்லை.

"வருமான வரியே கட்டாதவர்களுக்கு எதற்குச் சலுகை?" என்று சிலர் கேட்கக்கூடும். வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் அல்லர். 2015 ஏப்ரல் முதல் 2018 மே முடிய 6 விழுக்காடு பொருள் சேவை வரி இருந்தபோது, கடைக்குப் போன ஒவ்வொரு தாயும் அதைக் கட்டினாள். அதற்குப் பின் வந்த விற்பனை வரியும் சேவை வரியும் சாமான் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றன.

குளிர் நாட்டில் ஒரு மாநிலம்

நிற்க. கடன் கட்டும் பட்டதாரிக்கு வரியில் வரவு வைக்கும் வழக்கம் எங்காவது உண்டா? உண்டு. அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்ன் மாநிலம்.

காடும் கடலும் நிறைந்த அந்த மாநிலத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 14 இலட்சம்தான். மரம் வெட்டுவதும், காகித ஆலை வேலையும், சிங்கி இறால் பிடிப்பதும் அங்கே பழைய தொழில்கள். காகித ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. படித்த இளையோர் பெரிய நகரங்களைத் தேடிப் போனார்கள். அமெரிக்காவிலேயே மக்களின் நடு வயது மிக உயர்ந்த மாநிலம் அதுதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, இளையவர்கள் பட்டணம் போய், லயங்களில் முதியவர்கள் மட்டும் எஞ்சியதைக் கண்ட நமக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

பிள்ளைகளை ஊரில் நிறுத்த என்ன வழி என்று அங்குள்ளவர்கள் யோசித்தார்கள். பொதுமக்களே கையெழுத்துத் திரட்டி ஒரு சட்ட முன்வரைவைக் கொண்டுபோனார்கள். 2007இல் மாநிலச் சட்டமன்றம் அதை ஏற்றது. இந்த மாநிலத்தில் வாழ்ந்து, வேலை செய்து, படிப்புக் கடனைக் கட்டினால், கட்டிய பணத்தை மாநில வருமான வரியில் வரவு வைப்போம் என்பதே அதன் சாரம்.

முதலில் வந்த சட்டத்தில் நிபந்தனைகள் அதிகம். அந்த மாநிலத்துக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டும் என்றார்கள். கணக்குப் போடும் பாரமோ மிகச் சிக்கல். பெரும்பாலோருக்கு அது நான் மேலே சொன்ன இரண்டாம் விதமாகத்தான் இருந்தது. கட்ட வேண்டிய வரியோடு அதன் பலன் நின்றுவிட்டது. ஆண்டுகள் போகப் போகத் திருத்தினார்கள். 2022ஆம் வரி ஆண்டு முதல் பழைய ஏற்பாட்டை நீக்கிவிட்டுப் புதியதை வைத்தார்கள். அதன்படி 2007க்குப் பின் பட்டம் பெற்று அந்த மாநிலத்தில் வாழ்பவர், எந்த ஊரில் படித்திருந்தாலும், கட்டிய கடனில் ஆண்டுக்கு 2,500 டாலர் வரை வரவு பெறலாம். வாழ்நாளில் மொத்தம் 25,000 டாலர். அது மூன்றாம் விதத்தைச் சேர்ந்தது. வரி தீர்ந்து மிஞ்சுவது கைக்கே வரும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 200 டாலர் வீதம் ஆண்டுக்கு 2,400 டாலர் கடன் கட்டுகிறார் ஒரு தாதி. மாநிலத்துக்கு அவர் கட்ட வேண்டிய வரி 900 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரவில் அந்த 900 தீர்ந்துவிடும்; மீதி 1,500 டாலர் அவருக்குத் திரும்ப வரும். இதைப் பெறுவதற்கு அவர் குறைந்தபட்சக் கூலியில் ஆண்டுக்கு 936 மணி நேரம் உழைத்தால் கிடைக்கும் அளவாவது சம்பாதித்திருக்க வேண்டும். வாரத்துக்கு 18 மணி நேரம் என்று ஆகிறது. அரை நாள் வேலை பார்க்கும் இளந்தாய்க்கும் அது எட்டும்.

அமெரிக்க மத்திய அரசின் வருமான வரியிலும் படிப்புக் கடனுக்கு ஒரு சலுகை இருக்கிறது. நம் பி.டி.பி.டி.என். பிறந்த அதே 1997இல் இயற்றிய சட்டத்தால் வந்தது. கடன் வட்டியில் 2,500 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். இது முதல் விதம். 12 விழுக்காட்டுப் படியில் இருப்பவர் முழுத் தொகையையும் கழித்தாலும் அவருக்கு மிச்சம் 300 டாலர். 22 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 550 டாலர். வரி கட்டாதவருக்கு ஒன்றுமில்லை. மத்திய அரசும் 2,500 என்கிறது, மெய்ன் மாநிலமும் 2,500 என்கிறது. ஒன்றின் பலன் 300, மற்றொன்றின் பலன் 2,500. பத்திரிகையில் வரும் பெரிய எண்ணைக் கண்டு மயங்காமல், அது எந்த விதம் என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

மெய்ன் மாநிலத்து ஏற்பாட்டிலும் குறை உண்டு. முதலில் கையிலிருந்து கடனைக் கட்ட வேண்டும். வரிப் பாரம் போட்ட பிறகுதான் பணம் திரும்பும். தவணை கட்டவே வழியில்லாதவனுக்கு அது உதவாது. பாதியில் படிப்பை விட்டு, பட்டம் இல்லாமல் கடனை மட்டும் சுமப்பவனுக்கும் அதில் இடமில்லை. எந்தச் சட்டமும் எல்லார் கண்ணீரையும் துடைத்துவிடாது. ஆனால் குறைந்த சம்பளக்காரனையும் கணக்கில் சேர்த்தார்களே, அதை நாம் கவனிக்க வேண்டும்.

இருப்பதைப் பயன்படுத்துங்கள்

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். இன்றைக்கே செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, வரிப் பாரம். "எனக்குத்தான் வரி இல்லையே" என்று பிள்ளைகள் பாரத்தை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். மாதச் சம்பளத்திலேயே முதலாளி வரி பிடித்திருந்தால், பாரம் நிரப்பினால்தான் அதிகமாகப் பிடித்தது திரும்பக் கிடைக்கும். வியாபாரம் இல்லாமல் சம்பளம் மட்டும் பெறுவோருக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. சம்பளச் சீட்டுகளையும், கடன் கட்டிய இரசீதுகளையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள். பெருநாள் சேலையோடு பீரோவில் இருக்க வேண்டிய பொருள்கள் அவை.

இரண்டாவது, முதலாளி வழி. ஊழியரின் பி.டி.பி.டி.என். கடனை முதலாளி கட்டினால், அந்தத் தொகையை நிறுவனத்தின் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று 2019இல் ஓர் ஏற்பாடு வந்தது. பிறகு ஆண்டு வரம்பு வைத்து நீட்டிக்கப்பட்டு வந்தது. கட்டிய பணத்தை ஊழியரிடம் திரும்பக் கேட்கக் கூடாது என்பது நிபந்தனை. இது பல சின்ன நிறுவனங்களுக்குத் தெரிவதே இல்லை. வேலைக்குச் சேரும்போதும் சம்பள உயர்வு பேசும்போதும், "என் கடன் தவணையை நிறுவனம் ஏற்குமா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. கேட்கக் கூசுகிற பழக்கம் பெரட்டுக் களத்திலிருந்து நம்மோடு வந்தது. அதை நம் பிள்ளைகள் சுமக்க வேண்டாம்.

மூன்றாவது, தேர்ச்சி. முதல் வகுப்புச் சிறப்புத் தேர்ச்சி பெறும் பட்டதாரிகளுக்குக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கொடுப்பதைப் பி.டி.பி.டி.என். வழக்கமாக வைத்திருக்கிறது. யார் யாருக்கு என்ற விதிகள் காலத்துக்குக் காலம் மாறியுள்ளன. பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் புறப்படும் நாளிலேயே இதைச் சொல்லி அனுப்புங்கள். மூன்று நான்கு ஆண்டு உழைப்புக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் வெள்ளி பரிசு என்றால் எந்த வரிச் சலுகை அதற்கு ஈடாகும்?

நான்காவது, தள்ளுபடிக் காலம். கடனை மொத்தமாகக் கட்டி முடிப்பவர்களுக்கு 10 முதல் 20 விழுக்காடு வரை குறைப்பதாகப் பல முறை அறிவித்திருக்கிறார்கள். சேமநிதியையோ நகையையோ தொடாமல் முடியுமானால், அப்படிப்பட்ட நேரத்தில் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். அந்தத் தள்ளுபடிக்காக வெளியே வட்டிக்கு வாங்குவது மட்டும் வேண்டாம்.

ஐந்தாவது, சேமிப்பு. வரியில் பலன் இல்லை என்றேனே தவிர, எஸ்.எஸ்.பி.என். வேண்டாம் என்று சொல்லவில்லை. 20 வெள்ளியில் கணக்குத் திறக்கலாம். போட்ட பணத்துக்கு அரசாங்க உத்தரவாதம் உண்டு. குறைந்த வருமானக் குடும்பங்கள் சேமிப்பதற்கு ஈடாக அரசாங்கமும் பணம் போடும் இணை மானியம் ஒன்று, குடும்பத்துக்கு 10,000 வெள்ளி வரை என்று அறிவிக்கப்பட்டது. வரிக் கழிவு எட்டாத வீட்டை எட்டுவதற்கென்றே வந்த ஏற்பாடு அது. பி.டி.பி.டி.என். அலுவலகத்துக்குப் போகும்போது, "எங்கள் வருமானத்துக்கு மானியம் உண்டா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மாதம் 50 வெள்ளி வீதம் முதலாம் வகுப்பிலிருந்து பதினோர் ஆண்டுகள் போட்டால், இலாபப் பங்கைச் சேர்க்காமலே 6,600 வெள்ளி. பிள்ளை வாங்க வேண்டிய கடன் அந்த அளவுக்குக் குறையும்.

ஆறாவதும் கடைசியும், தவணையை நிறுத்தாதீர்கள். கட்ட முடியாத மாதம் வந்தால் ஒளிந்துகொள்ளாமல் போய்ப் பேசி, தவணைத் தொகையைக் குறைத்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஒரு காலத்தில் கடன் கட்டாதவர்கள் வெளிநாடு போகவே தடை இருந்தது. 2018இல் அந்தத் தடையை நீக்கினார்கள். தடை போனதும் கடனும் போனது என்று எண்ணியவர்கள் பலர். கடன் அப்படியே நிற்கிறது. இன்று நம் பிள்ளை கட்டுகிற பணம்தான் நாளை இன்னொரு தோட்டத்துப் பிள்ளைக்குக் கடனாகப் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

இல்லாததைக் கேளுங்கள்

இருப்பதைப் பெறுவது ஒன்று. இல்லாததைக் கேட்பது மற்றொன்று. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பு அரசாங்கம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. வணிகர் சங்கங்கள் மனு கொடுக்கின்றன, முதலாளிமார் கொடுக்கிறார்கள். தோட்டத்துப் பெற்றோரின் குரல் அதில் எத்தனை முறை கேட்டது?

நாம் கேட்க வேண்டியவை இரண்டு. ஒன்று: குறைந்த சம்பளத்தில் இருந்துகொண்டு ஒழுங்காகக் கடன் கட்டும் பட்டதாரிக்கு, ஆண்டு முடிவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் ஏற்பாடு. கழிவாகக் கொடுத்தால் அது 3,000 வெள்ளிச் சம்பளக்காரரை எட்டாது என்பதை மேலே கண்டோம். ஆகவே திரும்பத் தரும் வரவாகவோ, கடன் கணக்கிலேயே குறைத்து எழுதுவதாகவோ இருக்க வேண்டும். இரண்டு: தம்பி தங்கைக்காகச் சேமிக்கும் அண்ணன் அக்காளுக்கும் எஸ்.எஸ்.பி.என். கழிவு.

பல்கலைக்கழகம் போகாத பிள்ளைகளின் வரிப்பணத்தைப் பட்டதாரிக்குக் கொடுப்பது நியாயமா என்ற கேள்வி எழத்தான் செய்யும். எழ வேண்டிய கேள்விதான். அதனால்தான் சம்பள வரம்பு வைத்து, கீழ்ப்படியில் நிற்பவருக்கு மட்டும் கேட்கச் சொல்கிறேன். பெரிய சம்பளம் வாங்கும் டாக்டரும் வழக்கறிஞரும் தங்கள் கடனைத் தாங்களே கட்டிக்கொள்வார்கள்.

நம்மால் ஆகுமா என்று ஐயப்படுகிறவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவில் நின்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் தோட்டமே வாங்கினார்கள். தொழிலாளி தோட்டம் வாங்குவதா என்று அன்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்தத் தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று பட்டம் வாங்கிக் கடன் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே, இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். வேலைக்குப் போன பிள்ளை வீட்டுக்கு வரும்போது, "கடன் எவ்வளவு? தவணை எவ்வளவு? பாரம் போட்டாயா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளைகளே, அப்பா அம்மாவுக்குப் புரியாது என்று தள்ளிவிடாமல் உட்கார்ந்து சொல்லுங்கள். பற்றுப் புத்தகத்தை ஒரு காசு பிசகாமல் பார்த்தவர்கள் அவர்கள். இந்தக் கணக்கும் அவர்களுக்கு விளங்கும்.